பெட்டி சொன்ன வெயில்

எங்கள் வானொலியின் உயிரைக் கையில் வைத்திருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் அவர்களே! ஞாயிறு உடுப்போடு வந்திருக்கும் தேவாலயப் பெரியோரே! அடுப்படியில் ஜாஸைப் பாடவிட்டே பிள்ளைகளை வளர்த்த ஹூஸ்டன் மூன்றாம் வார்டுத் தாய்மார்களே! டெஸ்மண்ட் புரூசார்டின் பணிவான வணக்கம்.

நான் நிலையத்தின் பொறியாளன்; எனக்கு ஒலிபரப்புக் கோபுரமும் கம்பியும் தெரியும். குழையப் பேசத் தெரியாது. நேராகச் சொல்கிறேன்: எனக்குப் பயமாக இருக்கிறது.

இந்த நகரத்தின் பெரிய வானொலி நிலையங்கள் கறுப்பின மக்களான நம் இசைக்குக் கதவடைத்த காலத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் விளையாட்டரங்கின் அடியில் ஒரு சாமான் அறையில் தொடங்கியது நம் வானொலி. மேலே பந்து தட்டும் சத்தமும் சேர்ந்தே ஒலிபரப்பானது. "டிரம்ஸ்காரன் பிரமாதம்!" என்று கடிதம் வந்தது. சிரியுங்கள், சிரித்துக்கொள்ளுங்கள். இனி சிரிப்பு இல்லை.

அந்த நிலையத்தில் அறிவிக்கும் ஆளை எடுத்துவிட்டு ஒரு தானியங்கிப் பெட்டியை வைக்கலாமா என்பதுதான் இன்றைய வாக்கெடுப்பு. அந்தப் பெட்டியை எனக்குத் தெரியும். ஒலி நின்றால் நிலையம் செத்துவிட்டதென்று எண்ணி, பதிவுசெய்த நிகழ்ச்சியைத் தானே போட்டுவிடும். போன வெள்ளத்தன்று அதைச் சோதனைக்காக இணைத்திருந்தார்கள்; கோபுரத்தடியில் அதன் பக்கத்தில்தான் நின்றேன்.

தெருவெல்லாம் தண்ணீர். திக்கெல்லாம் தண்ணீர். பரணில் ஏறியவர்களுக்கு பேட்டரி ரேடியோவில் ஒரே துணை, நம் அறிவிப்பாளர் மிஸ் ஒடெசா பிக்கன்ஸின் குரல். அறிவிப்புகளுக்கு நடுவே, மக்கள் மூச்சுவிடட்டும் என்று ஒரு இசைத்தட்டு போட்டார். அதில் தனியாக பாஸ் என்னும் பெரிய தந்திக்கருவியை வாசித்த கலைஞன் ஓரிடத்தில் விரலை நிறுத்தினான். ஜாஸ் கேட்பவருக்கு அது இசை. பெட்டிக்கு? அது மரணம்! உடனே என்றோ பதிவுசெய்த ஒரு குரல் குதித்து வந்தது: "என்ன அருமையான வெயில்! வெளியே கிளம்புங்க மக்களே!"

என் போன் அலறியது. மிஸ் ஒடெசா.

"டெஸ்மண்ட், யாருடா அவன், என் இடத்துல உக்காந்து வெயிலப் பத்திப் பேசுறான்?"

"மிஸ் ஒடெசா, அது பெட்டி."

"பெட்டியா? புடுங்கி எறிடா, மடையா!"

அதே நேரம், இதோ இங்கே உட்கார்ந்திருக்கும் கால்வின் டூசான் தன் வீட்டுப் பரணில் மகளிடம் சொல்லியிருக்கிறார்: "ஒடெசா போய்ட்டா போலிருக்கு, கண்ணு. இனி நாமளேதான் பாத்துக்கணும். தோள்ல ஏறிக்கோ."

"இடுப்பு வரைக்கும் இறங்கிட்டேன், அதையும் சொல்லு!"

சொல்கிறேன் கால்வின் அண்ணே, சொல்லத்தானே வந்தேன்! மகளைத் தோளில் வைத்து இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டார். வாசலுக்கு வெளியே வெள்ளம் கார்களை உருட்டிக்கொண்டிருந்தது. நான் பெட்டியின் கம்பியைப் பிடுங்கினேன். ஒடெசாவின் குரல் திரும்பியது.

"நான் உயிரோடதான் இருக்கேன், கண்ணுங்களா. மேல ஏறினவங்க இறங்காதீங்க. தண்ணி இழுக்குது. படகு வருது."

கால்வின் மறுபடி ஏணியைப் பிடித்தார்.

'ஆமென்' என்கிறீர்கள். பொறுங்கள். "பெட்டியைச் சரிசெய்ய முடியாதா?" என்கிறார் தலைவர். முடியும் ஐயா. செய்துவிட்டேன். இப்போது இசையின் மௌனத்தை அது மரணமென்று நினைக்காது. ஆனால் சன்னல் வழியே எட்டிப்பார்க்குமா? தண்ணீர் எந்தத் தெருவில் இழுக்கிறதென்று கேட்டறியுமா? கால்வினின் மகளுக்காக நடுங்குமா? பெட்டிக்குப் பயம் தெரியாது, ஐயா. பயம் தெரியாத ஒன்றின் கையில் பயந்த மக்களைக் கொடுக்காதீர்கள்!

நம் கரையை ஒட்டிய வளைகுடாவில் இன்று காலை இன்னொரு புயல் சுழலத் தொடங்கியிருக்கிறது. திங்களன்று பெட்டிக்கு இணைப்புக் கொடுக்கும்படி உத்தரவு தயாராக இருக்கிறது. அந்த உத்தரவில் இருப்பது என் பெயர். நீங்கள் எப்படி வாக்களித்தாலும், அந்த இணைப்பை நான் கொடுக்கமாட்டேன். வேலை போகும். அதற்கும் பயம்தான். இருந்தாலும் கொடுக்கமாட்டேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. வணக்கம்.