வால் தாண்டாத கால்

வெள்ளையாக இருப்பதெல்லாம் ஒரே கொக்கு என்று நினைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஆயர் தாவார் எஸ்டேட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பின்னால் ஓடுவது உண்ணிக்கொக்கு. கறுப்பு அலகும் மஞ்சள் பாதமும் என்றால் சின்னக் கொக்கு. வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் போனால் பெரிய கொக்கு. ஈப்போ பள்ளி ஆய்வுக்கூடத்தில் முப்பது வருடம் குப்பி கழுவிய எனக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. முட்டி தேய நின்று நானே கற்றுக்கொண்டேன். பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன்.

சீனக் கொக்குதான் சிரமம். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சம். ஹுத்தான் மெலிந்தாங் கடலோரச் சேற்றில் பதினொரு ஜனவரி தொடர்ந்து அதைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அதற்காகத்தான் இறால் குளம் தோண்ட வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பறவைச் சங்கம் எனக்குக் கேடயம் கொடுத்தது. வாழ்க்கையில் நான் வாங்கிய கேடயம் அது ஒன்றுதான்.

சித்தியவான்காரர் சதாசிவம் இரண்டு வருடமாக என்னோடு வருகிறவர். நல்ல மனிதர். என் தேநீர்க் குடுவையையும் அவரே தூக்குவார். அன்று காலை கரைமேட்டில் நின்று சொன்னார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. பதினொரு வருஷமும் அது பாறைக் கொக்குதான் லா. சாம்பலா இருக்குறது எப்பவாச்சும் வெள்ளையா பொறக்குமே, அது. கால் கட்டையா இருக்கு பாருங்க. நான் ஒரு படம் எடுத்துட்டு வாரேன். திங்கக்கெழம சங்கத்துக்கு எழுதிப் போட்டுருவோம்."

எழுதிப் போட்டுருவோம் என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சண்டை போடத் தெம்பும் இல்லை. எனக்கு அறுபத்தெட்டு வயது, ஐயா. அலுத்துப் போயிற்று.

அந்தச் சேற்றில் நடக்க முடியாது, இடுப்புவரை இழுத்துவிடும். சிப்பி பொறுக்குகிறவர்கள் போல, பலகையில் ஒரு முட்டியை ஊன்றி மறுகாலால் தள்ளித்தான் போக வேண்டும். பலகையில் நீளக் கயிறு கட்டியிருக்கும். மறுமுனையைக் கரையில் நிற்பவன் பிடித்திருப்பான். அவன் கயிற்றை விடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் விடவில்லை.

நடுவில் ஒரு சிப்பித் திட்டு உண்டு. கேமரா ஆடாமல் இருக்க, சதாசிவம் பலகையை விட்டு இறங்கி அதில் ஏறி நின்றார். பறவை இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றது. வெயில் பளிச்சென்று அடித்தது.

பலகை நழுவிவிட்டது என்று உங்களிடம் முதலில் சொன்னேன். அவரும் அப்படித்தான் நினைத்தார்.

"அண்ணே, பலக நழுவிருச்சு. தள்ளி விடுங்க," என்றார். கொஞ்சம் சிரித்தார்கூட.

ஈரக் கயிறு கனக்கும். இந்தக் கையால் பலகையைக் கரைவரை இழுக்க நேரம் பிடித்தது. இழுத்து, கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கடல் ஏறும் என்பதும் அவருக்கு நீந்தத் தெரியாது என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். குடுவையில் தேநீர் இருந்தது, குடிக்க மனம் வரவில்லை. அவர் தங்கமான ஆள்.

நீர் முட்டிக்கு வந்தபோதும் அண்ணே என்றுதான் கூப்பிட்டார். ஒரு கெட்ட வார்த்தை இல்லை. நெஞ்சுக்கு வந்ததும் புனிதா, புனிதா என்று மனைவியைக் கூப்பிட ஆரம்பித்தார். நான் எழுந்து மற்ற பறவைகளை எண்ணி முடித்தேன். எண்ணுவதற்குத்தானே போனோம்.

நீர் ஏற ஏறக் கரையோரம் ஒதுங்கியிருந்த பறவை அந்தச் சத்தத்தில்தான் எழுந்து என் தலைக்கு மேலே பறந்தது. சீனக் கொக்கு பறந்தால் பாதம் முழுசாக வாலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். பாறைக் கொக்குக்கு விரல்கள் மட்டும்தான் தெரியும். தலையைத் தூக்கி நன்றாகப் பார்த்தேன். விரல்கள்தான் தெரிந்தன.

நோட்டுப் புத்தகம் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். சீனக் கொக்கு ஒன்று, வெளிச்சம் போதவில்லை என்று எழுதியிருப்பேன். அந்த வரியை மட்டும் யாரும் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா. நான் பார்த்ததை மட்டும்தான் எழுதுவேன்.