வாளியில எழுதின பேரு

இங்க வா கண்ணு, இந்த நாற்காலியில உக்காரு. பத்துக்கு மூணு மார்க்குன்னு அட்டையத் தூக்கிக் காட்டினதுக்கா மூஞ்சிய உர்ருன்னு வச்சிருக்க? நான் மட்டுமா காட்டினேன், வரிசையா உக்காந்திருக்கோமே, எட்டுப் பேரும்தான் காட்டினோம். ரெண்டு தரம் குதிச்சில்ல இறங்கின, முயல் மாதிரி. இந்தப் புல்லுல எவன் பிளேனை இறக்கினாலும் நாங்க மார்க்கு போடுவோம். வருசா வருசம் ஜூன் மாசம் இத்தனை பேரு பறந்து வந்து கூடறதே அதுக்குத்தான். பின்ன பேன்கேக் திங்கவா வர்றாங்க?

உன் பிளேனைப் பத்திக் கவலைப்படாத. நீ பாட்டுக்கு எதுலயும் கட்டாம வெறும் புல்லுல நிறுத்திட்டு வந்துட்ட. நெப்ராஸ்கா காத்து எப்பக் கிளம்பும்னு எவனுக்குத் தெரியும்? நீ தட்டு வாங்க வரிசையில நின்னப்ப நானே போய் வால்ல ஒரு வாளியக் கட்டிட்டு வந்தேன். சிமெண்டு ஊத்தி ரொப்பின வாளி, எனக்கு இடுப்பே புடிச்சுக்கிச்சு. எழுபத்திரண்டு வயசுல லோரன் மகளுக்கு இதெல்லாம் செய்யறேன், பாத்துக்க.

என்னது? அந்த வாளி இல்லையா? ஓ, பரிசு வாளியச் சொல்றியா. அதோ, சிரப் பாட்டிலுக்குப் பக்கத்துல மேசை மேலயே இருக்கு பாரு, செவப்பா, காலி வாளி. ஆமா, உங்கப்பன் பேருதான் மொதல்ல. லோரன் ஹவ்லிசெக். நான்தான் எழுதினேன், வெள்ளைப் பெயிண்டுல. மெர்வின் கையெழுத்து நல்லா இருக்கும்னு எல்லாப் பேரையும் என்னைத்தான் எழுதச் சொல்லுவாங்க. அதை அழிக்கச் சொல்லவா வந்த? இதுக்காகவா டென்வர்லேருந்து மூணு மணி நேரம் பறந்து வந்த?

உங்கம்மா சொல்லிவிட்டாளாக்கும். படுத்த படுக்கையா இருக்காளாமே. கண்ண மூடறதுக்குள்ள அந்தப் பேரு அழியணுமா அவளுக்கு? தெரியும், தெரியும். மளிகைக் கடையில ஒருத்தன், வாளி வேணுமா பெர்னிஸ்னு கேட்டுட்டான், அதுலேருந்து அவ ஊருக்குள்ளயே வர்றதில்ல. எனக்குத் தெரியாம இருக்குமா? கேட்டவனே நான்தான். வெளையாட்டுக்குக் கேட்டேம்மா. அதுக்குப் போய் கூடையக் கீழ போட்டுட்டு ஓடுவாங்களா?

இங்க பாரு. வருசத்துல எவன் பெரிய முட்டாள்தனம் பண்ணினானோ அவனுக்குப் பரிசு. நான் பறக்கக் கத்துக்கிட்ட நாள்லேருந்து இங்க இதான் பழக்கம். முன்னெல்லாம் வளைஞ்சுபோன பிளேன் விசிறி ஒண்ணக் குடுத்துக்கிட்டிருந்தோம், உங்கப்பன் போனப்புறம்தான் வாளியா மாத்தினோம். மூணாவதா இருக்கற பேரைப் படி. ராய்ஸ். பெட்ரோல் போட எங்கியோ இறங்கினவன், பொண்டாட்டி பின்னாடி ஏறிட்டான்னு நெனச்சுக் கிளம்பிட்டான். நாப்பது மைல் அவகிட்டப் பேசிக்கிட்டே போயிருக்கான். என்னடா இன்னிக்கு எதுத்துப் பேசலியேன்னு சந்தோசமா வேற இருந்தானாம்! அவன் அழுதானா? வாளியத் தலையில கவுத்துக்கிட்டுப் போட்டோ எடுத்துக்கிட்டான்.

செத்துப்போனா மட்டும் அது முட்டாள்தனம் இல்லன்னு ஆயிடுமா?

நீ அன்னிக்கு இல்ல, காலேஜுல இருந்த. நான் சொல்றேன் கேளு. மொத நாள் ராத்திரி மழை, புல்லெல்லாம் ஈரம். எவன் பிளேன் ரொம்பக் கம்மி தூரம் ஓடி மேல எந்திரிக்குதுன்னு போட்டி. ஆறு வருசமா உங்கப்பன்தான் ஜெயிச்சுக்கிட்டிருந்தான். சோளம் ஏத்தற மிஷின் அவன் வெரல்ல ரெண்டத் தின்னுடுச்சு. மிச்சம் எட்டு வெரல வச்சுக்கிட்டு, பத்து வெரல்காரன் என்னை ஆறு வருசம் தோக்கடிச்சான். ஜெயிச்சுட்டு ஒரு வார்த்தை பேச மாட்டான், சும்மா தொப்பியக் கழட்டிட்டு நிப்பான். அதான் எனக்கு எரியும். பீத்திக்கிட்டாலாவது திட்டித் தீத்துக்கலாம்.

அன்னிக்கும் பிளேனைச் சுத்திவந்து எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பாத்தான். அப்பறம் உங்கம்மாகிட்டப் போனான். அவ அரைப் பேன்கேக்க வாயில திணிச்சுவிட்டா. மைக்கு என்கிட்ட இருந்துச்சு. லோரன், இப்ப ஏறலன்னா நீ போட்டியிலயே இல்லன்னு ஒரு சத்தம் போட்டேன். வாய்ல பேன்கேக்கோட ஓடிப்போய் ஏறினான். என்ஜினை முறுக்கினான். பிளேன் ஓடுது, பின்னாடியே நீளக் கயித்துல சிமெண்டு வாளியும் குதிச்சுக் குதிச்சு ஓடுது. இந்த வரிசை மொத்தமும் பாத்துச்சு. என்ன சிரிப்புங்கற! ராய்ஸ் காபிய மடியிலயே கொட்டிக்கிட்டான். உங்கம்மாவும் கை தட்டினா, பாவம், நாங்க எதுக்குச் சிரிக்கிறோம்னே அவளுக்குத் தெரியல.

பிளேனுக்குப் பேசற ரேடியோவா? இருந்துச்சு, இந்தக் கையிலதான். நிறுத்துடான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்தான். சிரிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன். வாளி இழுக்கற இழுப்புல அவன் எந்திரிக்கவே மாட்டான்னுதான் எல்லாரும் நெனச்சோம். ஆனா உங்கப்பன் கெட்டிக்காரன்ல, எந்திரிச்சுட்டான். மரத்து உசரம் போனான். வால் கீழ தொங்கிச்சு, மூக்கு வானத்தப் பாத்துச்சு, அப்பிடியே சாஞ்சு சோயா வயல்ல விழுந்தான். விசாரணைக்கு வந்தவங்க ஒரே வரிதான் எழுதினாங்க, வால்ல கட்டின வாளிய ஓட்டினவர் அவுக்க மறந்துட்டார்னு.

அப்பா முடிச்சே போட மாட்டாருங்கறியா? அது எனக்குத் தெரியாதா. ரெண்டு வெரல் இல்லாத கையில என்ன முடிச்சுப் போடறது? வாளிக் கயித்து நுனியில கொக்கி வச்சிருப்பான், மாட்டுவான், கழட்டுவான். சரி, அதுக்கென்ன இப்ப? என்ன போட்டோ? இன்சூரன்ஸ் ஃபைல்லேருந்தா? குடு, கண்ணாடியப் போட்டுக்கறேன்.

ம்... வால்தான். கயிறு. கொக்கி இல்ல, முடிச்சு. ரெட்டைச் சுத்து, நுனிய உள்ள விட்டு மடக்கினது. என்ன சொன்ன? தட்டு வாங்கினதும் பிளேன்கிட்டப் போய், வால்ல இதே முடிச்சப் பாத்துட்டுத்தான் இங்க வந்தியா? பின்ன, ரெண்டும் என்னுதுதான. இந்த மடக்கு இந்த ஜில்லாவுலயே என்னைத் தவிர எவனுக்கும் வராது. பாரேன், அவ்வளவு உசரத்துலேருந்து விழுந்தும் அவுரல!

என்ன அப்பிடி முழிக்கற? அவன் கொக்கியக் கழட்டி, எல்லாத்தையும் பாத்து முடிச்சுட்டுப் பேன்கேக் திங்கப் போன நேரத்துல கட்டினேன். ரெண்டு நிமிச வேலை. ஒரு தரமாவது அவனையும் பாத்து ஊரு சிரிக்கணும்னு இருந்துச்சு, அவ்வளவுதான். நியாயமாப் பாத்தா அந்த வருசம் என் பேரைத்தான் எழுதியிருக்கணும். ஆனா பிரஷ்ஷு என் கையிலல்ல இருந்துச்சு.

சொல்லிக்க, யாருகிட்ட வேணா சொல்லிக்க. இந்த வரிசையில இருக்கறவன் அத்தனை பேரும் அன்னிக்குச் சிரிச்சவன். எவன் வாயத் தொறப்பான்? உங்கம்மாகிட்டச் சொல்லப் போறியா? சொல்லு. கூடவே, அவ கை தட்டினது எதுக்குன்னும் சொல்லு.

எங்க எந்திரிச்சுட்ட? தட்டுல பாதி அப்பிடியே இருக்கு. சரி, போ. காத்தும் அடங்கிடுச்சு. வால்ல வாளி இருக்கு, ஞாபகமா அவுத்துட்டு ஏறு. சீக்கிரத்துல அவுராது, இப்பவே சொல்லிட்டேன். அவசரத்துல மறந்துட்டுப் போயிடாத கண்ணு, செவப்பு வாளியில பேரெழுத இன்னும் ஒரு பக்கம் காலியாத்தான் கெடக்கு.