பட்டியலில் முதல் ஆள்

நெருங்கி உட்காருங்கள். விளக்கை அணைத்தது யாராக இருந்தாலும் சரி, அப்படியே இருக்கட்டும்.

சாயங்காலம் ஆறரை மணி. ஆள் நடமாட்டமே இல்லாத சாலை... இரண்டு பக்கமும் எரிந்துபோன லாரிகள். அதற்குள் முழிக்காதீர்கள், இது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற சாலை. ராணுவ விளையாட்டு. அதில் துப்பாக்கியோடு நின்றது என் கூட்டாளியின் அக்கா புருஷன். அந்த ஆளை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தச் சாலை, பாலம், ஊர் எல்லாமே சுருட்டை என்கிற அவருடைய சிநேகிதன் கட்டியது. இரண்டு வருஷம் ராப்பகலாக அவன் கட்டினான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தார். திடீரென்று காய்ச்சல் வந்து சுருட்டை செத்துப்போய்விட்டான். அவன் தங்கச்சி கேட்டது ஒன்றே ஒன்றுதான். விளையாட்டு வெளியாகும்போது அண்ணன் பேர் அதில் இருக்க வேண்டும். சரி சரி என்று தலையாட்டிவிட்டு, இவர் அந்தப் பேரை எடுத்துவிட்டுத் தன் பேரைப் போட்டுக்கொண்டார். மனுஷனா அவர்? அவள் போன் பண்ணித் திட்டித் தீர்த்தாள். இவர் அவள் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

வெளியிடுவதற்கு முன்னால் விளையாட்டுக்குள் வேண்டாமல் கிடக்கிற குப்பையைக் கூட்ட வேண்டும் இல்லையா? அதற்கு ஒரு கட்டளை உண்டு. நீங்கள் நிற்கிற இடத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது என்று, கிட்டத்தில் இருப்பதை முதலில் வைத்து வரிசையாகக் காட்டும். முதலில் வருவது எப்போதும் நீங்கள்தான். உங்களைவிட உங்களுக்குக் கிட்டத்தில் யார் இருக்க முடியும்? அதனால் முதல் ஆளை விட்டுவிட்டு, இரண்டாவதிலிருந்து அழிக்கும்படி எழுதிவைப்பார்கள். இவரும் அப்படித்தான் வைத்திருந்தார்.

கட்டளையைத் தட்டினார். வரிசை வந்தது. இவர் இரண்டாவதாக இருந்தார்.

முதலில் ஒரு சிப்பாய். பேர் இருக்க வேண்டிய இடம் காலி... திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. பாலம் வரைக்கும் ஓடிப்போய் மறுபடி தட்டினார். அதே சிப்பாய்தான் முதலில். அறையில் தைல வாசனை... கழுத்து வலிக்குச் சுருட்டை தேய்க்கிற தைலம். நாற்காலிக்குப் பின்னால் யாரோ விரலில் சொடக்கு எடுத்தார்கள். டக்... டக்...

பயத்தைவிட ஆத்திரம்தான் அவருக்கு முந்திக்கொண்டது.

"செத்தும் விட மாட்டியாடா நீ?" என்று கத்திக்கொண்டே அழிக்கிற பட்டனை ஓங்கி அடித்தார்.

இரண்டாவதிலிருந்து எல்லாம் அழிந்தது. லாரி, மணல் மூட்டை, வேலி... எல்லாவற்றுக்கும் முன்னால், இவர்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தங்கச்சிதான், திட்டுவதற்கு. இந்தத் தடவை உடனே எடுத்தார்.

"என்ன வாலு, சாப்டியா?"

அவளை வாலு என்று கூப்பிட்டது அவள் அண்ணன் ஒருவன்தான்.

அதற்குப் பிறகு அவள் திட்டவே இல்லை. தினமும் பேசுகிறாள்... சிரிக்கிறாள்கூட. விளையாட்டு சுருட்டை பேரிலேயே வெளியானது. நன்றாக வேண்டும் என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் என் கூட்டாளியின் அக்கா என்ன பாவம் பண்ணினாள்? அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

"என் வீட்டுக்காரர் எங்கடா?" என்று தம்பியைக் கேட்டபடியே இருக்கிறாள்.

அவள் கேட்கும்போதெல்லாம் அவள் பக்கத்து நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார்.