பிக்கப்பைத் திறக்க மாட்டேன்

பரமசிவம்: தகரம் லா, பாய்! மில்க் டின்னைத் தட்டுற மாதிரி இருக்கு. இதுக்கா உங்க கையில குடுத்தேன்?

யாக்கூப்: மெதுவாப் பேசு. கடை வாசல்ல ஆள் நிக்குது.

பரமசிவம்: நிக்கட்டும்! டன்லப் ஸ்ட்ரீட் முழுக்கக் கேக்கட்டும். இந்த ஸ்டீல் கித்தார் அழுதா கேக்குறவனும் அழுவான். மூணு வாரத்துக்கு முன்னாடி நீங்க கம்பிச் சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப்பைக் கழட்டி, புதுசா செம்புக் காயில் சுத்திக் குடுத்தீங்க. இப்ப...

யாக்கூப்: சுத்திக் குடுத்த அன்னைக்கு எப்படி இருந்துச்சு?

பரமசிவம்: ...நல்லாத்தான் இருந்துச்சு.

யாக்கூப்: ஆங்!

பரமசிவம்: என்ன ஆங்? ஒரு வாரம் நல்லா இருந்துச்சு. அப்புறம் நாளுக்கு நாள் இளைச்சுக்கிட்டே போவுது. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ரேடியோ நிலையத்துல ஆடிஷன், பாய். மூணாவது தடவை. இதுலயும் தள்ளிட்டா அப்புறம் கூப்பிடவே மாட்டாங்க.

பூவம்மா: என்னங்க, உக்காந்து பேசுங்களேன். அண்ணன் எங்க ஓடியா போறாரு?

பரமசிவம்: நீ சும்மா இரு, பூவம்மா. கித்தார் நிக்கிற கால் நாலையும் தூக்கிட்டு வந்தியே, அதோட உன் வேலை முடிஞ்சுது.

பூவம்மா: ரேஸ் கோர்ஸ் ரோட்டுலேர்ந்து வெயில்ல தூக்கிட்டு வந்தவ வாயைத் திறக்கக் கூடாதோ? நல்லா இருக்கே நியாயம்! வீட்டுலதான் கூலி வேலைன்னா, இங்க வந்தும் பொண்டாட்டி கூலி ஆளா?

யாக்கூப்: பரமசிவம், நான் சொல்றதைக் கேளு. கோளாறு கட்டையில. இது வெள்ளைக்காரன் ஊரு மேப்பிள் மரம். குளிர்ல வளர்ந்தது. நம்ம ஊருப் புழுக்கத்துல தண்ணியைக் குடிச்சு ஊதியிருக்கும். கட்டை செத்துட்டா கம்பி பேசுமா?

பரமசிவம்: கட்டை சாகல.

யாக்கூப்: அப்ப அடியில பெடல் கம்பி எதாச்சும் ஆடுது. மடியில வச்சு வாசிக்கிற கித்தாரா இது? நாலு கால்ல நிக்குது, காலால அமுக்குற. ஒரு ஸ்க்ரூ தளர்ந்தாலும் சத்தம் அங்கேயே சிந்திடும்.

பரமசிவம்: எல்லா ஸ்க்ரூவும் நேத்து நானே முறுக்கினேன். இங்க வாங்க... வாங்க, பாய்! சத்தம் பெருக்குற ஆம்ப் வயரைப் புடுங்கிட்டேன். இப்ப கட்டையில காதை வைங்க. மீட்டுறேன்... கேக்குதா?

யாக்கூப்: ம்...

பரமசிவம்: எவ்வளவு நேரம் நிக்குது பாருங்க. இன்னும் நிக்குது... இன்னும்... கனத்த கட்டை, கம்பியை விடவே மாட்டேங்குது. அடிவயித்துலேர்ந்து வருது. கட்டை குடுக்க வேண்டியதைக் குடுக்குது. அதைக் கேட்டு ஆம்புக்குச் சொல்ல வேண்டிய பிக்கப்புதான் செவிடாயிடுச்சு.

யாக்கூப்: ஆம்புலயே கூட இருக்கலாம். வால்வு...

பரமசிவம்: உங்க ஆம்ப், பாய்! நான் உள்ள வரும்போது அதுலதானே அந்த எலெக்ட்ரிக் மாண்டலினை வாசிச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க? கணீர்னு இருந்துச்சு.

யாக்கூப்: கம்பி பழசா...

பரமசிவம்: முந்தாநாள் போட்ட கம்பி! ஏன் சுத்திச் சுத்தி வர்றீங்க? பிக்கப் மூடியைத் திறங்க.

யாக்கூப்: திறக்க மாட்டேன்.

பரமசிவம்: என்னது?

யாக்கூப்: திறக்க மாட்டேன்னா மாட்டேன்! தலைமுடியை விட மெல்லிசான செம்புக் கம்பி அது. எட்டாயிரம் சுத்து, எண்ணி எண்ணிச் சுத்தியிருக்கேன். ஆயிரம் சுத்து கூடினா சத்தம் தடிச்சுப் போவும், குறைஞ்சா கீச்சுன்னு கத்தும். காந்தத்துக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு காகிதம் வச்சுப் பார்த்து மாட்டினேன். அதைப் போயி... என்னைச் சந்தேகப்பட்டுத் திறக்கச் சொல்றியா?

பரமசிவம்: ஆமா, சந்தேகம்தான்! மட்டக் கம்பியைப் போட்டுச் சுத்திட்டீங்க.

யாக்கூப்: அஸ்தக்ஃபிருல்லாஹ்! என் கடையில நின்னுக்கிட்டு என்னையவா...

பூவம்மா: ஏங்க, வாய்க்கு வந்ததைப் பேசாதீங்க! அம்பத்தொம்பதுல சாங்கி பட்டாளக் கேம்ப்ல இருந்த ஒரு வெள்ளைக்காரன் ஊருக்குப் போறப்ப அவன்கிட்ட இதை வாங்கினீங்க. அன்னைலேர்ந்து இதுக்கு வைத்தியம் பார்க்குறது யாரு? நீங்களா?

பரமசிவம்: ஸ்க்ரூ டிரைவர் எங்க இருக்கு? நானே திறக்கறேன்.

யாக்கூப்: பரமசிவம், கையை எடு.

பரமசிவம்: நாலு ஸ்க்ரூதான்.

பூவம்மா: வேணாங்க... அண்ணனே பார்க்கட்டும்.

பரமசிவம்: நீ ஏன் பதறுற? ...இந்தா, வந்துடுச்சு... என்ன இது?

யாக்கூப்: மூடு, பரமசிவம். மூடிடு.

பரமசிவம்: காஞ்சு ஒட்டிக்கிட்டு... காயில் பச்சை புடிச்சிருக்கு! கம்பி அரிச்சு, அறுந்து போற நிலைமையில இருக்கு. இருங்க... வாசனை வருதே. சந்தனம்! பாய், சந்தனம்!

யாக்கூப்: ம்.

பரமசிவம்: பூவம்மா! ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஆயுத பூசையப்ப எத்தனை தடவை சொன்னேன்? கட்டைக்குப் பொட்டு வையி, காலுக்கு வையி, பிக்கப் பக்கம் ஈரமே போகக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?

பூவம்மா: நான் பிக்கப்ல கை வைக்கல.

பரமசிவம்: அப்ப சந்தனம் பறந்து வந்து உக்காந்துச்சா?

பூவம்மா: காளியம்மா மேல சத்தியமாச் சொல்றேன், அந்த மூடியை நான் திறக்கல. எனக்குத் திறக்கவும் தெரியாது. கட்டையில மூணு பொட்டு வச்சேன், அவ்வளவுதான். கடையில நாலு பேர் பார்க்க இப்படிக் கேக்குறீங்களே, உங்களைக் கெடுக்கணும்னு அலையிறவ மாதிரியா தெரியறேன்?

பரமசிவம்: கெடுத்துட்டியே! ரெண்டு தடவை தோத்துட்டு வந்தேன், மூணாவதும் போச்சு. இனிமே கித்தார் இருக்குற ரூம் பக்கம் நீ காலெடுத்து வைக்கக் கூடாது. பூசையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்!

யாக்கூப்: நிறுத்து, பரமசிவம்! தங்கச்சியைத் திட்டாதே.

பரமசிவம்: பாய், இது எங்க வீட்டு...

யாக்கூப்: நான்தான் வச்சேன்.

பரமசிவம்: ...என்ன?

யாக்கூப்: காயில் சுத்தி முடிச்சு, மூடி போடறதுக்கு முன்னாடி. தெலுக் ஆயர் தர்கா சந்தனம். ஈரம் பட்டா செம்பு அரிச்சுப் போவும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்தான். தெரிஞ்சேதான் வச்சேன். நகக்கண் அளவு... காஞ்சிடும்னு நெனச்சேன். இந்த ஊர்ல எது காயுது?

பரமசிவம்: இதுக்குத்தான் கட்டை, ஸ்க்ரூ, வால்வுன்னு ஊரைச் சுத்திக் காட்டினீங்களா?

யாக்கூப்: வெக்கமா இருந்துச்சு.

பரமசிவம்: வாசிக்கத் தெரிஞ்சவன் நான். சந்தனத்தாலயா ஜெயிக்கணும்? என் விரல் மேல உங்களுக்கு அவ்வளவுதான் நம்பிக்கையா?

யாக்கூப்: கம்பி இருக்கு. இப்ப உக்காந்தா சாயங்காலத்துக்குள்ள சுத்திடுவேன். நீ பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இரு, நான் சுத்தறேன்.

பரமசிவம்: பதில் சொல்லுங்க, பாய்! யார் கேட்டா இதை?

பூவம்மா: நான் கேட்டேன். போன தடவை தள்ளிட்டாங்கன்னு மூணு நாள் செவுத்தைப் பார்த்துக்கிட்டுச் சோறு தண்ணி இல்லாமப் படுத்திருந்தீங்களே... அதான் தர்காவுக்கு நடந்தே போயி வாங்கிட்டு வந்தேன். அண்ணன் மாட்டவே மாட்டேன்னாரு. இங்கேயே நின்னு அழுது வைக்கச் சொன்னேன். உங்க விரல் மேல எனக்கு நம்பிக்கை இருக்குங்க. அந்த மூணு நாளை இன்னொரு தடவை பார்க்கத்தான் எனக்குத் தெம்பு இல்ல.