பம்பாய்க்காரன் வெச்ச பொட்டு

— கோவிச்சுக்காதீங்க ஆத்தா. பொட்டு வெச்சது நானில்லீங்க, பம்பாய்ல படம் வரையறவன்.

— போட்டோ புடிச்சது யாருங் நாயுடு?

— நாந்தானுங்க. சோமனூர்ல உங்க பருத்திக் காட்டுல, பொழுதோட.

— காட்டைப் புடிக்கறம்னுதானுங் சொன்னீங்க. இப்ப என்ர மருமவ குழந்தையம்மா, ஒக்கடத்துச் சீலைக்கடைச் செவுத்துல படமா ஆளொசரம் நிக்கறா. வண்டிக்காரனெல்லாம் மாட்டை நிறுத்திப் பாக்கறான்.

— சீலைக் கம்பெனி ஏஜெண்டு கூடவே நின்னாருங்க. பருத்தி வேண்டாம், அந்தப் பொண்ணைப் புடின்னு சொல்லிப்போட்டாரு.

— படத்துக்குக் கீழ என்னுங் எழுதியிருக்குது?

— 'மலைநாட்டு மங்கை விரும்பும் சேலை'ங்க.

— எங்க காட்டுல ஏறி நிக்க ஒரு கரடு கெடையாது. படத்துல பின்னால அருவி ஊத்துது. எங்களுக்குக் கெணத்துத் தண்ணி எறைக்கறதுக்குள்ள இடுப்பு ஒடியுதுங்க.

— வடக்க இருக்கறவங்களுக்கு நாமெல்லாம் மலை, அருவி, மயிலுதானுங்க. அப்பத்தான் சரக்கு விக்குமாம்.

— குடத்தைத் தலைமேல வெச்சிருக்கான். அவ இடுப்புலதானுங் வெப்பா. கையில தேள் பச்சை குத்தியிருப்பா, அதையுங் காணோம்.

— அழுக்குன்னு நெனச்சு அழிச்சுப்போட்டானாட்ட இருக்குதுங்க.

— அதெல்லாம் போகட்டுங்க. அவ கட்டியிருந்தது வெள்ளைச் சீலை. என்ர பையன் கண்ணை மூடுனப்பக் கட்டுனது. அதைச் செவப்பாக்கி, பூ வெச்சு, வளையல் போட்டு, நெத்தியில காலணா அகலத்துக்குப் பொட்டு.

— தாலியறுத்த பொண்ணுன்னு ஏஜெண்டுகிட்டச் சொன்னனுங்க, சத்தியமா. வெள்ளைச் சீலையைக் காட்டி எவன்கிட்ட யாவாரம் பண்றதுன்னு சிரிச்சாரு.

— ஒறம்பரைச் சனம் பூரா வந்து கேட்டுப்போட்டாங்க. உம்மருமவ பூ வெச்சுக்கிட்டாளாமான்னு.

— இப்பவே போயி அந்தப் படத்தைக் கிழிச்சுப்போடறனுங்க. கடைக்காரரு எனக்கு வேண்டியவரு.

— ஒக்கடத்துல கிழிப்பீங்க. கொடுமுடியில?

— அங்கயும் ஒட்டியாச்சுங்களா? ரங்கா, பெருமாளே!

— அங்க ஒருத்தரு பாத்துப்போட்டு, வெசாரிச்சுக்கிட்டு எங்க ஊட்டுக்கே வந்துட்டாருங்க. தம்பிதுரைன்னு பேரு. சுயமரியாதைக்காரரு. சம்சாரம் தவறிப்போச்சாம்.

— சண்டைக்கு வந்தாருங்களா?

— பொண்ணு கேட்டு வந்தாருங்க.

— நீங்க என்ன சொன்னீங்க ஆத்தா?

— அவ தாலியறுத்தவளாச்சுங்களேன்னு சொன்னேன். தெரிஞ்சுதான் வந்தேன்னாரு. எனக்கு அழுகை வந்துபோச்சுங்க. பையன் போனதுக்குப் பொறவு அவ சிரிச்சு நான் பாக்கலை. அந்தப் படத்துல சிரிக்கறா. பம்பாய்க்காரன் வரைஞ்ச சிரிப்புன்னு தெரியும், இருந்தாலும் செவுத்துக்கிட்டயே நின்னு பாத்துட்டிருந்தனுங்க.

— குழந்தையம்மா என்ன சொல்லுச்சுங்க?

— கதவைச் சாத்திக்கிட்டா. "அவரு செவுத்துல இருக்கறவளைத் தேடி வந்திருக்காருங் அத்தை. நான் அவ இல்லைன்னு சொல்லிப்போடுங்க"ன்னா.

— நெசந்தானுங்களே. அப்ப எங்கிட்ட வந்த காரியம்?

— அவ வெளிய வண்டியில உக்காந்திருக்கா. அவ சொன்ன ரோசனைதானுங். இருக்கறபடிக்கே ஒரு போட்டோ புடிங்க. அதே வெள்ளைச் சீலை, தேள் பச்சை தெரியோணும். கொடுமுடிக்கு அனுப்பறோம். அதைப் பாத்துப்போட்டும் வாரேன்னாருன்னா, வரட்டும்.

— அன்னிக்கு எடுத்த போட்டோக் கண்ணாடிப் பிளேட்டு எங்கிட்ட இல்லீங்களே. ஏஜெண்டு கொண்டுபோயிட்டாரு.

— இருந்தாலும் வேண்டாமுங்க. அது அவளைக் கேக்காம எடுத்தது. இதுக்கு அவளா வந்திருக்கா.

— அப்ப வெயில்ல ஏனுங்க உக்கார வெச்சிருக்கீங்க, உள்ள கூப்புடுங்க. சிரிக்கச் சொல்லட்டுங்களா?

— வந்தாச் சிரிக்கட்டும். நீங்க சொல்ல வேண்டாம்.

— மூஞ்சி பளிச்சுன்னு தெரிய, பிரிண்டுல பென்சில் வெச்சுச் சித்தே...

— ஒண்ணும் வரையாதீங்க நாயுடு. பொட்டு மட்டும் வெக்கவே வெக்காதீங்க. அதை வெக்கறதுக்கு ஆளு வருதான்னுதானுங் பாக்கப்போறோம்.