இன்னும் ஒரு பயணம்

இல்லை நவரட்ணம் அண்ணை, உதை இவரிட்டை மட்டும் கேட்டுப் போடாதேங்கோ. என்னட்டைக் கேளுங்கோ, நான் சொல்லுறன். இவர் கீழை பேஸ்மென்ரிலை உடுப்புத் தோய்க்கப் போட்டிட்டு நிக்கிறார். காய்ஞ்சு முடிய இன்னும் முக்கா மணித்தியாலம் செல்லும். கோட்டைக் கழட்டிப் போட்டு வடிவா இருங்கோ.

ஓம், விளங்குது. உங்கடை ஒஷாவாக் கொம்பனி இனி உங்களை அடிக்கடி ஜேர்மனிக்கு அனுப்பப் போகுது. ரெண்டு பிளேன்காரரும் பறக்கப் பறக்கப் பொயின்ற் சேருற காட் தாறம் எண்டு நிக்கிறாங்கள். எதை எடுக்கிறது? அதுதானே? எனக்கு எல்லாம் பாடம் அண்ணை. இவர் அச்சு மெஷின் திருத்திறவரெல்லே, ரெண்டு மாசத்துக்கொருக்கா ஃபிராங்ஃபேட்டுக்குப் போய் வாறவர்.

துவக்கத்திலை இவரும் ரெண்டு காட்டும் வைச்சிருந்தவர். இதிலை கொஞ்சம், அதிலை கொஞ்சம். ஆத்திலை ஒரு கால், சேத்திலை ஒரு கால் எண்டு ஒண்டிலையும் பொயின்ற் சேரேல்லை. பிறகு ஒரு நாள் ரெண்டு காட்டோடையும் தந்த புத்தகங்களை இந்த மேசையிலை விரிச்சு வைச்சுப் பாத்தம். சிவப்புக் காட்காரன் நேரை ஃபிராங்ஃபேட்டிலை கொண்டுபோய் இறக்குவான். சாப்பாடும் நல்லது. ஆனா ஃப்ரீ ரிக்கெற் இவருக்கும் எனக்கும் மட்டுந்தான். நீலக் காட்காரன் லண்டனிலை இறக்கி அஞ்சு மணித்தியாலம் கதிரையிலை இருத்தி வைப்பான். ஆனா கூடப்பிறந்ததுகளுக்கும் ரிக்கெற் எழுதிக் குடுப்பான், அதுவும் கொழும்பிலையிருந்து. எழுபத்தையாயிரம் பொயின்ற் வேணும். இவர் உடனை சிவப்புக் காட்டை எடுத்துக் கிழிச்சுப் போட்டார்.

ஆருக்கெண்டு கேக்கிறியளே? தங்கச்சிக்கு. புனிதவதி எண்டு பேர். ஓம், எனக்கு மச்சாள். தாய் தகப்பன் இல்லை அண்ணை. இவர்தான் படிப்பிச்சு ரீச்சராக்கி விட்டவர். அவ யாழ்ப்பாணத்திலை, வடமராச்சியிலை தனிய. எண்பத்திமூண்டுக் கலவரத்துக்குப் பிறகு இவருக்கு நித்திரை இல்லை. இஞ்சை கனடாவுக்குக் கூப்பிடக் கடுதாசி போட்டு, பதில் வரேல்லை எண்டு திரும்பப் போட்டு, ரெண்டு வரிசம் போட்டுது. அதுவரைக்கும் லண்டன் எயாப்போட்டிலை காத்திருக்கிற நேரமெல்லாம் அவவுக்குக் கடிதம் எழுதுவார். பஸ்ஸிலை எப்பிடி ரிரான்ஸ்ஃபர் எடுக்கிறது, பனியிலை எப்பிடிக் காலை வைக்கிறது எண்டெல்லாம் எழுதுவார். அவவும் விடமாட்டா. அண்ணா, அங்கை பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் ரீச்சரைக் கண்டா எழும்புங்களோ எண்டு கேட்டு எழுதுவா.

இந்த வரிசம் ஏப்ரலிலை விசா வந்திட்டுது. கொழும்பிலை லொட்ஜிலை நிண்டு எடுத்தவ. ரெலிபோனிலை அழுகிறா, சிரிக்கிறா, என்ன சொல்லுறா எண்டே விளங்கேல்லை. இவர் ரெலிபோனை வைச்ச கையோடை பொயின்ற் பேப்பரை எடுத்துப் பாத்தார். அறுபத்தேழாயிரத்து ஐநூறு கிடக்கு. இன்னும் ஒரு பயணம் போய் வந்தா நிறைஞ்சிடும். அந்தப் பயணம் மே மாசக் கடைசியிலை.

அதுவரைக்கும் லொட்ஜிலை ஏன் தனிய இருக்கவேணும், ஊரிலை போய் வீட்டையும் பாத்து, சனத்துக்கும் சொல்லிப்போட்டு வாறன் எண்டு அவ வெளிக்கிட்டா. நாலு கிழமைதானே.

குடியுங்கோ அண்ணை, தேத்தண்ணி ஆறுது.

மே முடியிற நேரம் ஆமி வடமராச்சியைப் பிடிக்க வந்து அங்கை சண்டை துவங்கீட்டுது. உங்களுக்குத் தெரியும்தானே, ஒரு தொடர்பும் இல்லை. இவர் ஃபிராங்ஃபேட்டுக்குப் போகமாட்டன் எண்டுதான் நிண்டவர். போனாத்தானே ரிக்கெற், ரிக்கெற் வந்தாத்தானே அவவை எடுக்கலாம் எண்டு பிறகு போனார். போய் நாலாம் நாள் கொழும்பிலையிருந்து எனக்கு ரெலிபோன் வந்தது. சனமெல்லாம் கோயிலுக்கை போய் இருந்ததாம். அங்கை ஷெல் விழுந்ததாம்.

இவற்றை ஹோட்டல் நம்பர் என்னட்டை இருந்தது. எடுக்கேல்லை அண்ணை. பிளேனிலை தனிய எட்டு மணித்தியாலம் அதை வைச்சுக்கொண்டு எப்பிடி இருப்பார்? மூண்டு நாள் நான் இந்த வீட்டுக்குள்ளை நடந்தன். பிறகு எயாப்போட்டுக்குப் போனன்.

தள்ளுவண்டிலைத் தள்ளிக்கொண்டு வாறார். தூரத்திலை என்னைக் கண்ட உடனை கையைத் தூக்கி ஆட்டுறார். கிட்ட வந்து, தவமணி, நிறைஞ்சு போச்சடி, எழுபத்தையாயிரம் நிறைஞ்சு போச்சு எண்டார். அவவுக்கெண்டு வேண்டின கம்பளித் தொப்பியையும் எடுத்துக் காட்டுறார். நான் என்ன சொன்னன், எப்பிடிச் சொன்னன் எண்டு எனக்கு ஞாபகமில்லை. இவர் என்னண்டு நடந்தது எண்டு கேக்கேல்லை. எந்த நாள் எண்டு கேட்டார். இருபத்தொம்பதாந் திகதி எண்டன். நான் இஞ்சை நிக்கேக்கையே, வெளிக்கிட முந்தியே எண்டார். அவ்வளவுதான். வாங்கிலை இருந்திட்டார். சனம் வந்து போகுது, இவர் எழும்பேல்லை.

பொயின்ற்காரனிட்டையிருந்து மாசா மாசம் கடிதம் வரும். பிரிக்கிறேல்லை. இவர் இப்ப எந்தப் பிளேனிலை போனாலும் காட்டைக் காட்டுறேல்லையாம், கூடப் போறவர் ஒராள் சொன்னவர். ஆரும் ஏன் அப்பவே அவவைக் கூப்பிடேல்லை எண்டு கேட்டா, நான்தான் ஃப்ரீ ரிக்கெற்றுக்குப் பொறுத்திட்டன், என்ரை பிழை எண்டு சொல்லுவார். செத்தவீட்டுக்கு வந்த ஆக்களுக்கும் அப்பிடித்தான் சொன்னவர். முகத்துக்கு நேரை ரெண்டொருத்தர் அவரை ஏசினவை. கேட்டுக்கொண்டு இருந்தார்.

என்ன? காசு இல்லாமலோ? ஐயோ, இருந்தது அண்ணை. ஆயிரத்து நானூறு டொலர். பாங்கிலை கிடந்தது.

விசா வந்த அண்டைக்கே ரிக்கெற் எடுக்கப் போறன் எண்டு சேட்டும் சப்பாத்தும் போட்டு, கதவைத் திறந்தவர். நான்தான் மறிச்சனான். ஒரு பயணம்தானே, பொறுங்கோ, அந்தக் காசிலை தங்கச்சிக்கு ஒரு கட்டிலும் நல்ல குளிர்க் கோட்டும் எடுப்பம் எண்டு நான்தான் சொன்னனான். கையைப் பிடிச்சு இழுத்து, இப்ப நீங்கள் இருக்கிற கதிரையிலைதான் இருத்தினனான். இண்டுவரைக்கும் அவர் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை அண்ணை. எனக்கும் சொல்லேல்லை.