மூலைக்குச் சலாம்

— பாரு ஷகீலா, எழுந்ததும் எழாததுமா உம் புள்ள மூலைக்குச் சலாம் போட ஆரம்பிச்சுட்டான்.

— பேசாதீங்க மாமா, எண்ணிக்கினு கீறேன். பதினொண்ணு... பன்னெண்டு...

— இன்னாத்துக்கு எண்றே? செத்துப்போன உங்க மாமி அந்த மூலைலதான் தொழுவா. பேரன் பாட்டிக்குச் சலாம் போடறான். ஆறு மாசத்துல எந்தப் புள்ளைக்கு இந்த மரியாத தெரியும்?

— நேத்து கதவாண்ட திருப்பிப் படுக்க வெச்சேன் மாமா. கதவுக்கும் போட்டான்.

— அப்ப அவ கதவாண்ட வந்து நின்னுருப்பா.

— ஒவ்வொரு தபாவும் தல தொங்குது, ரெண்டு கையும் வெடுக்குனு விரிஞ்சு மடங்குது. நடுவுல அழுவுறான். பாட்டியப் பாத்தா ஏன் அழுவணும்?

— பாட்டி தூக்கலியேன்னு அழுவுறான்.

— பத்து நாளா எம் புள்ள ஜைத் சிரிக்கல. பொரண்டுக்கினு இருந்தவன் இப்ப பொரள்றதில்ல. நான் குனிஞ்சா என்னப் பாக்கறதில்ல மாமா, எனக்குப் பின்னால நிக்கிற யாரையோ பாக்கறான். நானும் திரும்பித் திரும்பிப் பாத்துக்கினே கீறேன்.

— அதான் சொல்றேனே, நிக்கிறா.

— டாக்டராண்ட காட்டிடலாம்.

— அந்தப் பேச்ச எடுக்காதே. உள் ரூம்ல ஒக்காந்துகினு கீறானே உம் புருசனோட அண்ணன் இனாயத்து, முப்பத்திரெண்டு வயசுலயும் அவனுக்கு நான் கஞ்சி ஊட்டிவுடறேன். அவன அப்டி ஆக்கினது யாரு? ஒரு வயசுல ஒரு டாக்டர் ஊசி போட்டான். அதோட போச்சு. ரியாத்லேந்து உம் புருசன் போன் பண்ணாலும் இதேதான் சொல்லுவேன்.

— பாய், கோச்சுக்காதேங்கோ, உள்ள வரேன்.

— வாங்க டீச்சரம்மா. எங்க சண்ட மாடி வரைக்கும் கேட்டுச்சா?

— ஷகீலா காத்தால வந்து அழுதா. அடையார்ல கொழந்தைகள் டாக்டரா இருக்கானே என் தம்பி குருபிரசாத், அவன்ட்ட இப்பத்தான் போன்ல பேசிண்டு வரேன். தல தொங்கறது, கை விரியறதுன்னேன். உடனே கேக்கறான், "தூங்கி எழுந்தப்பறம், வரிசையா, சலாம் போடற மாதிரியா?"ன்னு.

— அந்த வார்த்தைய நீங்க சொன்னீங்களா?

— சத்தியமா நான் சொல்லல பாய்.

— நீ சொன்னியா ஷகீலா?

— டீச்சராண்ட நான் சலாம்னே சொல்லல மாமா.

— அப்ப அந்த டாக்டருக்கு யாரு சொன்னது?

— அவா படிக்கற புஸ்தகத்துலயே அதுக்கு அதான் பேராம் பாய். சலாம் வலிப்பு. பச்சக் கொழந்தைக்கு வலிப்புன்னா நுரை தள்ளணும்னு இல்லையாம். நாள் தள்ளத் தள்ள மூளைக்குத்தான் சேதம், இன்னைக்கே எழும்பூர் கொழந்தைகள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கறான். தலையில ஒயர் ஒட்டிப் பாத்துட்டு மருந்து குடுப்பாளாம்.

— மாமா, ஏன் உள் ரூமையே பாத்துக்கினு கீறீங்க?

— டீச்சரம்மா, அந்த வலிப்பு எத்தினி மாசத்துல வருமாம்?

— பெரும்பாலும் மூணு நாலு மாசத்துலேந்து ஒரு வயசுக்குள்ள வரும்னான்.

— ஷகீலா, புள்ளயத் தூக்கு. தெரு முனையில சேட்டோட ஆட்டோ நிக்கும், கூப்புடு.

— நெசமாவா மாமா? நீங்கதான ஊசியால...

— ஊசி போட்டது ஒரு வயசுல. இனாயத்து ஆறு மாசத்துலயே இந்தச் சலாம் போட்டான். நாந்தான் பெருமையா தெருவயே கூப்ட்டுக் காட்டினேன்.